எண்ணெய் எங்கே போனது?

படகில் பெட்ரோல் குறையும். அது எரிந்து போகிறது. எஞ்சின் ஆயிலும் ஓட ஓடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் ஊற்றிய எண்ணெய் குறையக் கூடாது. வீலைத் திருப்பும்போது அது ஒரு குழாய் வழியாகப் போகிறது, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. எரிவதில்லை, செலவாவதில்லை. அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஓர் இடத்தில் கசிகிறது என்றுதான் பொருள். எண்ணெய் வெளியே போகத் தெரிந்த வழியில் காற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் உள்ளே வரத் தெரியும். பல படகுகளில் மூடியைத் திறந்து, குறைந்த அளவுக்கு ஊற்றி, மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதைப் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். குறைந்த எண்ணெய் எங்கே போனது என்று தேடுவதுதான் பராமரிப்பு.

படகின் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் சிறியதாக இருந்தால், அதன் கைப்பிடியைப் பிடித்தே திருப்பிவிடலாம். நம் கரையோர ஃபைபர் படகுகள் பலவும் அப்படித்தான் ஓடுகின்றன. எஞ்சின் பெரிதாகி, ஓட்டுபவர் படகின் நடுவிலோ முன்பக்கமோ உட்கார வேண்டி வந்தால் ஸ்டியரிங் வீல் தேவைப்படுகிறது. முன்பெல்லாம் வீலிலிருந்து எஞ்சின் வரை உறைக்குள் ஓடும் எஃகு கேபிள் இந்த வேலையைச் செய்தது. சிறிய படகுகளில் இன்றும் செய்கிறது. கேபிளில் ஒரு தொல்லை உண்டு. புரொப்பல்லர் ஒரே திசையில் சுழல்வதால் எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பு அப்படியே வீலுக்கு வரும். மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருந்தால் தோள் கழன்றுவிடும். ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் வீலுக்குப் பின்னால் ஒரு பம்பு, அதிலிருந்து இரண்டு ஹோஸ், எஞ்சினுக்கு முன்னால் ஒரு சிலிண்டர். பம்பு எண்ணெயை ஒரு ஹோஸில் தள்ளுகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து எஞ்சினைத் திருப்புகிறது. பிஸ்டனின் மறுபக்கத்து எண்ணெய் இன்னொரு ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. உலகெங்கும் சிறுபடகுகளில் காணப்படும் சீஸ்டார் ஆகட்டும், இத்தாலியின் யூஃப்ளெக்ஸ் ஆகட்டும், அமைப்பு இதுதான். சீஸ்டார் முன்பு டெலிஃப்ளெக்ஸ் பெயரில் வந்தது. 2017-இல் டொமெட்டிக் நிறுவனம் வாங்கியது. பழைய படகுக்கு சீல் தேடுபவர்கள் மூன்று பெயரையும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

கையால் திருப்பும் வீலுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பம்பு ஒரு சுற்றுக்கு 28 மில்லி எண்ணெய் தள்ளுகிறது, சிலிண்டர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக 140 மில்லி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீலை 5 சுற்றுச் சுற்ற வேண்டும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலின் விளிம்பில் நம் கை அந்த 5 சுற்றில் 6 மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. அதே நேரத்தில் சிலிண்டரில் தண்டு நகர்வது 20 சென்டிமீட்டர். தூரத்தில் 30 மடங்கு விட்டுக்கொடுத்ததால் விசையில் 30 மடங்கு கிடைக்கிறது. கை 5 கிலோ விசையில் திருப்பினால், உராய்வில் கொஞ்சம் போக, எஞ்சினுக்கு 140 கிலோ விசை போய்ச் சேரும். 140 மில்லியை 20 சென்டிமீட்டரால் வகுத்தால் பிஸ்டனின் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர் என்று வரும். ஆக எண்ணெயில் எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல இது சுமார் 10 மடங்கு. கடலில் திடீரென்று ஒடித்துத் திருப்பினால் இன்னும் எகிறும்.

மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தில் ஓர் இடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று சொன்னவர் பிரான்சின் பிளேஸ் பாஸ்கல். அவர் எழுதிய நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் வெளிவந்தது. அதை வைத்து வேலை செய்யும் இயந்திரம் வர 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தின் ஜோசஃப் பிராமா ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்கு 1795-இல் காப்புரிமை பெற்றார். தத்துவம் கையில் இருந்தும் அவரைத் திணற வைத்தது கசிவு. நகரும் தண்டைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் தண்டு நகராது. தளர்வாக அடைத்தால் தண்ணீர் பீறிடும். அவருடைய பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லே இதற்கு விடை கண்டதாகச் சொல்வார்கள். தோலால் கிண்ணம் போல வளைத்த ஒரு வளையம். அழுத்தம் ஏற ஏற அந்தக் கிண்ணத்தின் உதடு தானாகவே தண்டோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கினால் பிடியை விடும். கசிய வைக்கும் அழுத்தத்தையே கசிவை அடைக்கப் பயன்படுத்திய இந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தோல் போய் ரப்பர் வந்துவிட்டது. படகின் சிலிண்டர் முனையில் இருக்கும் சீலின் உதடு அதே வேலையைத்தான் செய்கிறது.

அந்த உதடு இருக்கும் இடத்தைப் பாருங்கள். பம்பு வீலுக்குப் பின்னால், காய்ந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது. சிலிண்டரோ படகின் கடைசியில், எஞ்சினுக்கு முன்னால், அலை தெறிக்கும் இடத்தில். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. தெறித்த நீர் தண்டின் மேல் காய்ந்து உப்பாகப் பூக்கிறது. வீலைத் திருப்பினால் அந்தத் தண்டு சிலிண்டருக்குள் போகிறது. உப்புப் படிகங்கள் நேராகச் சீலின் உதட்டில் போய் உரசுகின்றன. வெளியே ஒரு துடைப்பு வளையம் இருந்தாலும் எல்லாவற்றையும் அது தடுப்பதில்லை. உப்பு எஃகைக் கீறாது, ரப்பரைக் கீறும்.

எஃகையும் உப்பு சும்மா விடுவதில்லை. தண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். அந்த உலோகத்தைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். காற்று படும்வரை அந்தப் படலம் கிழிந்தாலும் மறுபடி உருவாகிவிடும். உப்புப் பொருக்குக்கு அடியிலோ, தண்டில் ஒட்டிய கொட்டலசுக்கு அடியிலோ ஆக்சிஜன் போகாது. குளோரைடு அங்கே வேலையைக் காட்டும். ஊசிமுனை அளவுக்குக் குழி விழும். பார்வைக்குத் தெரியாத அந்தக் குழியின் விளிம்பு, தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் சீலைச் சீவுகிறது. புது சீல் போட்ட சில வாரத்திலேயே மறுபடி கசிகிறது என்றால், சீல் தரமில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் தண்டை மாற்றாமல் தீராது.

ஆகவே இந்த ஸ்டியரிங்குக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த பராமரிப்புக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கரைக்கு வந்ததும் வீலை ஒரு பக்கக் கோடிவரை திருப்பி, வெளியே வந்த தண்டை நல்ல தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். அடுத்த பக்கமும் அப்படியே. உப்பு இறுகிப் போயிருந்தால் நல்ல தண்ணீரிலேயே ஊறவிட வேண்டும். உப்புத்தாளோ இரும்பு நாரோ தொடக் கூடாது. அமோனியாவோ அமிலமோ கலந்த துப்புரவுத் திரவங்களும் ஆகாது. படகை நீண்ட நாள் நிறுத்தி வைக்கிறோம் என்றால், தண்டு ஒரே இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்காமல் அவ்வப்போது வந்து துடைத்து, வீலை இரண்டு பக்கமும் திருப்பிவிட வேண்டும்.

வீலைத் திருப்பாமல் விட்டால் எஞ்சின் அதே கோணத்தில் நிற்கிறதே, அது எப்படி? பம்பின் வாயில் இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்றாகப் பூட்டு வால்வுகள் இருக்கின்றன. பம்பு தள்ளினால்தான் அவை திறக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து அலை எவ்வளவு மோதினாலும் வால்வு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளுமே தவிர எண்ணெயைத் திரும்ப விடாது. அதனால்தான் வீலில் இழுப்பே தெரிவதில்லை. இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. கேபிள் ஸ்டியரிங்கில் ஏதாவது கோளாறு என்றால் கையிலேயே தெரிந்துவிடும். ஹைட்ராலிக்கில் கை ஒன்றும் உணராது; கோளாறு பெரிதாகும்வரை எல்லாம் சுகமாகவே இருக்கும். ஆகவே கண்ணால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எண்ணெய் அளவு பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு லிட்டர் எண்ணெய் 20 டிகிரி சூடேறினால் சுமார் 14 மில்லி பெருகும். உச்சி வெயிலில் பார்த்த அளவையும் விடியற்காலையில் பார்த்த அளவையும் ஒப்பிட்டுவிட்டுக் கசிவு என்று பயப்படக் கூடாது. காலையில், படகு சூடேறும் முன், எஞ்சினை நேராக வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. கழுத்துவரை ஊற்றாமல் அரை அங்குலம் இடம் விட வேண்டும். மேல்தளத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வீல் உள்ள படகில் மேலே இருக்கும் பம்புக்கு மட்டும் காற்றுத்துளை உள்ள மூடி. கீழே இருப்பதற்குத் துளையில்லாத மூடி. இரண்டையும் மாற்றிப் போட்டால் மேலே இருக்கும் எண்ணெய் கீழ் மூடி வழியாக வழிந்து ஊற்றும்.

ஒரே நேரத்தில் பார்த்தும் அளவு இறங்கிக்கொண்டே வந்தால் கசிவுதான். எண்ணெய் போகக்கூடிய இடங்கள் மிகச் சில: வீலின் அச்சு பம்புக்குள் நுழையும் இடம், ஹோஸ் இணைப்புகள், சிலிண்டரின் இரு முனைகள். எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, ஒவ்வொன்றிலும் வெள்ளைத்தாளைச் சுற்றி ஓர் இரவு விட்டால், எண்ணெய்க் கறை காலையில் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இணைப்பில் கசிவு என்றதும் பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்ளான் டேப்பைச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் நார் பிய்ந்து எண்ணெயோடு போய்ப் பூட்டு வால்வில் சிக்கினால், கசிவை அடைக்கப்போய் ஸ்டியரிங்கையே கெடுத்ததாகிவிடும். மரைக்குப் பூசும் திரவ சீலன்ட்தான் அதற்கு ஏற்றது.

காற்று உள்ளே புகுந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று அந்தக் கணமே நகரும். இப்போது குழாயில் ஒரு காற்றுக் குமிழை விட்டு, மறுமுனையை விரலால் தடுத்தபடி அழுத்துங்கள். குமிழ் சுருங்கும், மறுமுனை அசையாது. படகிலும் இதுவேதான். எண்ணெய் 20 கிலோ அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சுருங்கும். காற்றோ அதே அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். நம் கணக்கிலிருந்த படகின் குழாயில் 5 மில்லி காற்று இருந்தால், அதை ஒடுக்குவதற்கே ஏறத்தாழ 4.8 மில்லி எண்ணெய் போய்விடும். அது வீலில் ஆறில் ஒரு சுற்று. விளிம்பில் ஒரு சாணுக்குக் கை நகர்ந்த பிறகுதான் எஞ்சின் திரும்ப ஆரம்பிக்கும். துறைமுக வாயிலில், எதிரே இன்னொரு படகு வரும்போது, அந்த ஒரு சாண் தாமதம் சாதாரணமானதல்ல. படகுக்கு பிரேக்கும் கிடையாது.

காற்றை வெளியேற்றும் வேலையை மெக்கானிக்குகள் ஏர் எடுப்பது என்பார்கள். இரண்டு பேர் வேண்டும். இருபுறமும் தண்டு நீட்டியிருக்கும் சிலிண்டரில் பொதுவான முறை இது. வீலை வலப்பக்கக் கோடிவரை திருப்பி, சிலிண்டரின் வலது பக்கத்தில் காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீடர் திருகில், உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டித் திறக்க வேண்டும். தண்டு திரும்பாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் வீலை இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுவார். முதலில் நுரையும் குமிழுமாக வரும். குமிழில்லாத எண்ணெய் தொடர்ந்து வர ஆரம்பித்ததும், வீல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பிளீடரை மூடிவிட வேண்டும். பிறகு இடது பக்கம், இதையே திசை மாற்றி. இந்த நேரம் முழுவதும் பம்பில் எண்ணெய் தீரக் கூடாது. தீர்ந்தால் புதிதாகக் காற்றை உறிஞ்சி, செய்த வேலையெல்லாம் வீணாகும். எண்ணெய்ப் பாட்டிலையே ஒரு குழாயோடு பம்பின் வாயில் கவிழ்த்து வைப்பது இதற்காகத்தான். அவசரப்பட்டு வேகமாகச் சுற்றினால் குமிழ்கள் பொடிப்பொடியாக உடைந்து எண்ணெயோடு கலந்துவிடும். அவை மேலே வந்து பிரிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒற்றைத் தண்டுள்ள சிலிண்டருக்கு முறை கொஞ்சம் மாறும். தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஏர் எடுத்ததும் படகு சரியாகிவிட்டது என்று பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காற்று தானாக வரவில்லை. கசிவை அடைக்கும்வரை மறுபடி வரும்.

எந்த எண்ணெய் என்பதில் சமரசமே கூடாது. இந்த ஸ்டியரிங்குகளுக்கென்று விற்கும் எண்ணெய் மிக மெல்லியது. தரக்குறியீட்டில் 15 என்று போட்டிருக்கும். எஞ்சினுக்கு ஊற்றும் 30 எண் ஆயில் இதைப் போல ஆறேழு மடங்கு கெட்டி. அதை ஊற்றினால் நீண்ட மெல்லிய ஹோஸில் நகர மறுத்து வீல் கல்லாகக் கனக்கும். இதைவிட மோசம் பிரேக் ஆயில். கார் பிரேக்கில் இருக்கும் ரப்பரும் இங்கே இருக்கும் ரப்பரும் வேறு வேறு. கிளைக்கால் சார்ந்த பிரேக் ஆயில் பட்டால் இந்தச் சீல்கள் ஊதிப்போய்க் கெட்டுவிடும். போதாக்குறைக்கு அது தண்ணீரையும் உறிஞ்சும். ஒரு முறை தவறி ஊற்றிவிட்டால் வடித்துவிட்டு நல்ல எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது; சீல்களையும் மாற்ற வேண்டி வரும்.

பழைய எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுப்பு தெரிந்தால் உலோகம் தேய்கிறது. கறுத்திருந்தால் ரப்பர் கரைகிறது என்று சந்தேகிக்கலாம். மூன்றிலும் எண்ணெயை முழுவதுமாக மாற்றுவதோடு காரணத்தையும் தேட வேண்டும். வடித்த எண்ணெயைத் திரும்ப ஊற்றுவது சிக்கனமே அல்ல.

வீல் கனக்கிறது என்றாலே ஹைட்ராலிக்கைக் குறை சொல்வதும் தவறு. எஞ்சினைச் சிலிண்டரிலிருந்து கழற்றிவிட்டு வீலைத் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கோளாறு எஞ்சின் பக்கத்தில்தான். சிலிண்டரைத் தாங்கும் தண்டு எஞ்சினின் குழாய்க்குள் கிரீஸ் இல்லாமல் துருவோடு இறுகியிருக்கும். இது மிகச் சாதாரணமாக நடப்பது. கழற்றிய இணைப்பில் இருந்தவை நைலான் வளையமுள்ள பூட்டு நட்டுகள். அவற்றைக் கழற்றிய பிறகு புதிதாகப் போடுவதே பாதுகாப்பு. அந்த ஒரு நட்டு விழுந்தால் எஞ்சின் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஆள் படகிலிருந்து தூக்கி எறியப்படும் விபத்துகள் அப்படியும் நேரலாம். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் கயிறான கில் கார்டை உடலில் மாட்டாமல் வேகமாக ஓட்டக் கூடாது என்பது இதற்காகவும்தான்.

கரையில், எஞ்சின் ஓடாதபோது இன்னொரு சோதனை செய்யலாம். வீலை ஒரு கோடிவரை திருப்பி, சாதாரணக் கைவிசையால் இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். வீல் உறுதியாக நிற்க வேண்டும். மெதுவாக நழுவிக்கொண்டே போனால் உள்ளுக்குள் எங்கோ எண்ணெய் வழிவிட்டுப் போகிறது. ஒரு பக்கம் மட்டும் நழுவினால் அந்தப் பக்கத்துப் பூட்டு வால்வில் தூசு உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; இரு பக்கமும் நழுவினால் பிஸ்டன் சீலைச் சந்தேகிக்கலாம். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாத கோளாறு இது. அளவு பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சீல் மாற்றுவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. தொகுப்பாகவே விற்கிறார்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு: சீலின் உதடு அழுத்தம் இருக்கும் பக்கம், அதாவது சிலிண்டரின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தண்டு முனையில் இருக்கும் மரையின் மேல் டேப் சுற்றி மூடாமல் புது சீலை நுழைத்தால், அந்த மரையே அதைக் கிழித்துவிடும்.

கடலில் ஹோஸ் வெடித்துவிட்டால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். எண்ணெய் போன சிலிண்டர் எஞ்சினைப் பிடித்து நிறுத்தாது. அப்படியில்லாமல் பூட்டிக்கொண்டு திரும்ப மறுத்தால், இரு பிளீடர்களையும் திறந்துவிடுங்கள்; தண்டு விடுபடும். எஞ்சினின் இரு பக்கமும் கயிறு கட்டி, மிகக் குறைந்த வேகத்தில், கயிற்றை இழுத்துத் திருப்பியபடி கரைக்கு வந்துவிடலாம். அலையில்லாத ஒரு நாளில், கரைக்கு அருகிலேயே இதை ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள். சரியான எண்ணெய் ஒரு பாட்டில், ஊற்றுகுழாய், பிளீடருக்குப் பொருந்தும் ஸ்பானர், இரண்டு துண்டுக் கயிறு ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரு டப்பாவில் போட்டு, லைஃப் ஜாக்கெட் இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.